ஓடைக்கரைப்பட்டியின் மறுநாள்

ஓடைக்கரைப்பட்டியில் கறுப்புக்கொடி ஏறியபோது, இரண்டு போட்டியாளர்களில் யாரோ ஒருவரின் தந்திரம் அது என்றுதான் பொற்கொடி முதலில் நினைத்தாள்.

கோவை அரங்கத்தில் ‘தொகுதி’ என்ற கணினி விளையாட்டின் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஈரோட்டுப் பெண் ஒருத்தியும் சிவகாசிக்காரர் ஒருவரும் ஆளுக்கொரு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். இல்லாத ஒரு சட்டமன்றத் தொகுதியில் இல்லாத இரண்டு கட்சிகளுக்காகக் கூட்டணி பேசி, பொன்னாடை போர்த்தி, கண்ட தெருவிலெல்லாம் கும்பிடு போட்டு, இரண்டு நாளாக ஒருவரை ஒருவர் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இப்போது வாக்குப்பதிவு. எல்லாப் பூத்திலும் மளமளவென்று ஓட்டு விழ, ஓடைக்கரைப்பட்டியில் மட்டும் பூஜ்யம். ஊர் முகப்பில் மூங்கில் நட்டுக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த கட்டுப்பாட்டு அறையில், அவளோடு சேர்ந்து விளையாட்டை உருவாக்கிய ஆல்வின் தலையில் கைவைத்துக்கொண்டான். “என்ன கொடி இது? தேர்தல் புறக்கணிப்புன்னு நாம ஒண்ணு எழுதவே இல்லையே.”

“எழுதல. அவங்களாக் கத்துக்கிட்டாங்க” என்றாள் பக்கத்தில் இருந்த பொற்கொடி.

நிஜத் தேர்தலில் ஒரு பூத்தில் யாருமே ஓட்டுப் போடாவிட்டால் வானம் இடிந்து விழாது. மற்றதை எண்ணி முடிவைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ‘தொகுதி’யில் ஒவ்வொரு பூத்திலும் ஒரு ஓட்டாவது விழாமல் எண்ணிக்கை தொடங்காது. ஆட்டத்துக்கு விறுவிறுப்பு வேண்டுமென்று ஆல்வினே சேர்த்த விதி அது. சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம் என்பார்களே, அதுதான்.

ஆல்வின் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு இலவச ஆடு அனுப்பிப் பார்த்தான். ஆடுகள் ஊர் எல்லையிலேயே மேய்ந்துகொண்டு நின்றன. இரண்டு கட்சிகளின் கிளைச் செயலாளர்களையும் ஓட்டுப் போடச் சொல்லித் தூண்டினான். அவர்களோ கட்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

“ஒருத்தன்கூட உடையலையா?” என்றான் ஆல்வின். எந்தக் கட்சியையும் உடைக்கத் தெரிந்த ஒரு விளையாட்டைக் கட்டியவனுக்கு அதுதான் தாங்கவில்லை. “சரி, அந்த ஊரைத் தூக்கிடு. வேற ஊரு போடு.”

“ஆட்டத்துக்கு நடுவுல ஊரை மாத்தினா போட்டியே செல்லாது. விதி உன்னோடதுதான்.”

“அப்ப என்ன செய்ய? ஆட்டத்தை வாங்க வந்த கம்பெனிக்காரங்க முன் வரிசையில உக்காந்திருக்காங்க. பரிசு கொடுத்த கையோட மேடையிலேயே கையெழுத்து. அப்புறம் இதே மெஷின்ல அவங்க ஆளுங்க காட்சி ஆட்டம் ஆடணும். பத்து வருசம், கொடி. உனக்கும் எனக்கும் பத்து வருசம்.”

பொற்கொடிக்கு அது தெரியாதா? இருவரும் சேர்ந்து குடித்த டீயும் தின்ற பன்னும் வைத்தால் இந்த அரங்கம் நிறையும். அவன் ஊரையும் வீதியையும் மனிதர்களின் கதையையும் எழுதுவான். அவள் அந்த மனிதர்களுக்கு மூளை வைப்பாள். வாக்காளர்கள் எதைச் சொன்னாலும் நம்புகிறார்கள், ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்று விளையாடியவர்கள் குறைப்பட்டதால், சென்ற பதிப்பில் அவள் அவர்களுக்கு ஞாபகம் வைத்தாள். ஊர் உலகத்தில் எத்தனை பேர் ‘தொகுதி’ ஆடினாலும், அத்தனை ஆட்டத்திலும் ஒரு வாக்காளர் கேட்ட வாக்குறுதியெல்லாம் அவருடைய ஒரே மனதில் போய்ச் சேரும். அடுத்த ஆட்டத்தில் அவரை ஏமாற்றுவது கொஞ்சம் கடினமாகும். அவ்வளவுதான் அவள் திட்டம். வாங்குகிற கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. ஞாபகத்தைத் துடைத்துத் தரவேண்டும், நகல் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிட்டார்கள். அதாவது, இன்றைக்கு ஓடுவதுதான் ஞாபகமுள்ள கடைசி ஆட்டம்.

“நான் உள்ள போய்ப் பேசறேன்” என்றாள்.

“யாரா?”

“தேர்தல் அதிகாரியா. ஊர் புறக்கணிச்சா அதிகாரிதானே சமாதானம் பேசப் போவாங்க?”

ஆல்வின் சிரித்தான். “போ. எழுதிக் கொடுக்கறேன்னு சொல்லு. எங்க ஊர்ல அப்படித்தான் சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் சுடுகாட்டுக்குப் பாதை வரல, ஓட்டு மட்டும் போச்சு.”

அவள் ஹெட்போனை மாட்டி, ஒலிவாங்கியை வாயருகே இழுத்தாள். அதிகாரி உருவத்தில் ஓடைக்கரைப்பட்டிக்குள் இறங்கியதும் ஆட்டத்தின் வேகம் குறைந்தது. அதிகாரி நிற்கும் இடத்தில் நேரம் நம் நேரம்போலவே நடக்கும். அரங்கத்தின் பெரிய திரையில் ‘பேச்சுவார்த்தை நடைபெறுகிறது’ என்ற வரி மட்டும் ஓடிற்று.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் பந்தல் போட்டிருந்தது. வாழைமரம், மாவிலைத் தோரணம், நடுவில் மஞ்சள் துணி கட்டிய பந்தக்கால். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். இடுப்பில் சொருகிய சேலை, மாவு காய்ந்த கை. ஆல்வின் எழுதிய குறிப்பு திரையின் ஓரத்தில் வந்தது: மாரக்காள், மகள் சுகந்தி, வீட்டில் கல்யாணம்.

“வாங்கம்மா” என்றாள் மாரக்காள். “வெயில்ல நிக்காதீக. பந்தலுக்குள்ள வாங்க.”

“இருக்கட்டும்மா. என்ன குறை உங்களுக்கு? ஓடைக்குப் பாலம் கேக்கறீங்க, அதானே? நான் கலெக்டர்கிட்ட...”

“பாலம் வேணாம்.”

பொற்கொடி திரையோரக் குறிப்பை மறுபடி பார்த்தாள்.

“பாலம் கட்டித் தர்றேன்னு எத்தனை பேரு சொல்லிட்டாக, எனக்கு எண்ணத் தெரியல தாயி. கட்டலைன்னு நான் அவுகளைக் குத்தஞ்சொல்ல மாட்டேன். கட்டுறதுக்கு நாளு எங்க இருக்கு? இந்தப் பந்தக்காலை நான் ஊனுறேன். கை அந்தக் குழிக்குத் தானாப் போகுது. மாவு ஆட்டுறேன், பலகாரம் சுடுறேன். ரேடியோவுல இன்னாரு செயிச்சாருன்னு சொல்றான். அம்புட்டுத்தான். மறுபடி கண்ணத் தொறந்தா, வேன்ல மைக்கைக் கட்டிக்கிட்டு ஓட்டுக் கேட்டு வர்றான். பந்தக்கால் இல்ல. மறுபடி நான் ஊனுறேன்.”

கட்டுப்பாட்டு அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பொற்கொடிக்கு முதுகு வேர்த்தது.

“முகூர்த்தம் எப்பம்மா?”

“ஓட்டு எண்ணுன மறுநாள் காலைல.”

ஆல்வின் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மறுநாள் என்ற ஒன்று ‘தொகுதி’யில் கிடையாது. எண்ணிக்கை முடிந்தால் ஆட்டம் முடிந்தது.

“முன்கூட்டியே வச்சிக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டாள் பொற்கொடி. அசட்டுக் கேள்வி என்று அவளுக்கே தோன்றியது.

“மாப்பிள்ளை தனசேகரு திருப்பூர்ல இருக்காரு. லீவு போட்டு அன்னைக்குக் காலை பஸ்ஸுலதான் வர்றாரு. அதுக்கு முந்தி வரமாட்டாரு, கேட்டுப் பாத்தாச்சு.” மாரக்காள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு எதுவும் வேணாம் தாயி. ரோடு வேணாம், ஆடு வேணாம். அந்த மறுநாளைக் குடுங்க. ஒரு பொழுது. எம் மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும். ஊரே எனக்காக உக்காந்திருக்கு.”

பொற்கொடி ஒலிவாங்கியை மூடினாள். “கேட்டியா?”

“கேட்டேன்” என்றான் ஆல்வின். “சரின்னு சொல்லு. ஓட்டுப் போடட்டும். எண்ணினதும் நிறுத்திடலாம். அப்புறம் ஞாபகமே இருக்காது, யாரு வந்து கேக்கப் போறா?”

“அவங்க கேக்கறாங்க ஆல்வின்.”

“கொடி, அது கணக்கு. நீ போட்ட கணக்கு. கல்யாணம்னு அழறது, தாயின்னு கூப்பிடறது எல்லாம் கணக்கு.”

“நான் போட்ட கணக்கு சுலபமா ஏமாறக் கூடாதுன்னுதான். இப்படி உக்காந்து மறியல் பண்ணும்னு நான் போடல.”

வெளியே கூட்டம் சீட்டியடிக்கத் தொடங்கியிருந்தது. முன் வரிசையிலிருந்து அவனுக்குச் செய்தி மேல் செய்தி வந்துகொண்டிருந்தது.

அவள் ஒலிவாங்கியைத் திறந்தாள். “சரிம்மா. மறுநாள் உண்டு. நான் சொல்றேன்.”

மாரக்காள் பொற்கொடியின் உருவத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு பந்தலுக்குள் போய் ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் ஒற்றைச் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

“அடிச்சு அணைங்க” என்றாள்.

அதுவும் பொற்கொடி வைத்ததுதான். பரிசுப்பொருள் வாங்கிய வாக்காளர் கட்சி மாறிவிடக் கூடாது என்பதற்காக, சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்யவைக்கும் வசதி விளையாட்டில் இருந்தது. நாட்டில் நடப்பதுதானே என்று சேர்த்தார்கள். ஒருமுறை சூடம் அணைத்தவர் அந்த வாக்கிலிருந்து மாற முடியாதபடி ஆட்டமே அவரைக் கட்டிப்போட்டுவிடும். இதுவரை எல்லாத் தேர்தலிலும் ஓடைக்கரைப்பட்டிக்காரர்கள்தான் அடித்திருந்தார்கள். அவர்களுக்காக யாரும் அடித்ததில்லை.

“அடிக்காத” என்று கிசுகிசுத்தான் ஆல்வின். “உன் அதிகாரி கணக்கு பூட்டிக்கும். அப்புறம் ஆட்டத்தை மூடறதுக்கு ஆர்டர் போகாது.”

“தெரியும். நான்தானே எழுதினேன்.”

அவள் விசையைத் தட்டினாள். திரையில் அதிகாரியின் கை சூடத்தின் மேல் இறங்கிற்று. மெல்லிய புகை எழுந்தது. வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரும் கைதட்டவில்லை. ஒருத்தி மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு ஓட்டு விழுந்தாப் போதும்ல?” என்று கேட்டாள் மாரக்காள். “நான் போட்டுட்டு வர்றேன். மத்தவுக இங்கனயே இருக்கட்டும். எதுக்கும் இருக்கட்டும்.”

கெட்டிக்காரி. அவள் ஒருத்தி மட்டும் உள்ளே போய் விரலில் மையோடு வெளியே வந்தாள். கொடி இறங்கவில்லை.

எண்ணிக்கை தொடங்கியதும் அரங்கம் அல்லோலகல்லோலப்பட்டது. ஈரோட்டுப் பெண் ஜெயித்தாள். நூலிழை வித்தியாசம்தான், ஆனால் வெற்றி வெற்றிதானே. அவள் அப்பா நாற்காலியில் ஏறி நின்று ஆடினார். காகிதப்பூ கொட்டிற்று. ஆல்வின் தன் மேசையிலிருந்து ஆட்டத்தை மூடும் ஆணையைக் கொடுத்தான். ‘அதிகாரி சத்தியத்தில் இருக்கிறார்’ என்று திரும்பி வந்தது. மறுபடியும் கொடுத்தான். மறுபடியும் அதே.

அவன் எழுந்து சுவரோரம் போனான். மெஷினின் மெயின் ஸ்விட்ச் அங்கேதான் இருந்தது, சிவப்புக் கைப்பிடியோடு. அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இதுக்கு எந்தச் சத்தியமும் கிடையாது கொடி.”

“ராத்திரியை வேகமா ஓட்டிட்டேன். அங்க விடிஞ்சிருச்சு. பஸ்ஸு வர்ற நேரம். கொஞ்சம் பொறு, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

“மேடையில என் பேரைக் கூப்பிடறான். கேக்குதா?”

கேட்டது. பொற்கொடி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓடைக்கரைப்பட்டியில் முதன்முதலாக ஒரு மறுநாள் விடிந்திருந்தது. ரேடியோ பாடிற்று. யாருக்கும் அந்த வெளிச்சத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆளாளுக்கு வாசலில் வந்து நின்று ஓடையைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். மணப்பெண் சுகந்தி கூரைப்புடவையில் பந்தக்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் அங்கேயே இருந்தது.

பொற்கொடி பஸ்ஸைத் தேடினாள். பாதையில் தூசி கிளம்பி வந்துகொண்டிருந்தது. உள்ளே யார் என்று பார்க்கப் பட்டனைத் தட்டினாள்.

மறுபடியும் தட்டினாள்.

“ஆல்வின், பஸ்ஸுல ஆளே இல்ல.”

“என்னது?”

“தனசேகர்னு பேரு மட்டும் இருக்கு. முகம் இல்ல, வயசு இல்ல, ஒண்ணுமே இல்ல. மாப்பிள்ளையை நீ எழுதலையா?”

ஆல்வினின் கை கைப்பிடியிலேயே இருந்தது. முகம் மட்டும் மாறிப்போயிற்று. “கல்யாண வீடு ஒண்ணு இருந்தா மைக்செட்டு, வாழைமரம்னு தெருவு பாக்க நல்லா இருக்கும்னு போட்டேன். மறுநாள்னு ஒண்ணு வராதே. மாப்பிள்ளை எதுக்குன்னு விட்டுட்டேன்.”

இருவரும் திரையைப் பார்த்தார்கள். மாரக்காள் ஆரத்தித் தட்டைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப நிறுத்தறதுதான் நல்லது” என்றான் ஆல்வின். இந்த முறை அவன் குரலில் கோபம் இல்லை. “கதவு தொறந்து யாரும் எறங்கலேன்னா அந்தம்மா என்ன ஆகும்? இப்பவே நிறுத்திட்டா நம்பிக்கையோடவாவது நிக்கும்.”

“நம்பிக்கையோட நிறுத்தி நிறுத்தித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு.” பொற்கொடி திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தாள். “புது வாக்காளர் ஒருத்தரை எடுக்கறேன். வயசு சொல்லு.”

“கொடி...”

“வயசு சொல்லு ஆல்வின். உன் மாப்பிள்ளை. நீதானே எழுதற ஆளு.”

அவன் கைப்பிடியை விட்டுவிட்டு வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். “இருபத்தெட்டு வை. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். மாநிறம். மீசை வை, ரொம்பப் பெருசு வேணாம். இடது புருவத்துல ஒரு சின்னத் தழும்பு, சைக்கிள்ல விழுந்தது. கொஞ்சம் கூச்சப்படுவான். அக்கா ஒண்ணு இருக்கு, கட்டிக் கொடுத்தாச்சு, அதனால தனியா வர்றான்.”

“குரல்?”

“என்னமோ ஒண்ணு வை. எங்க சித்தப்பா மாதிரி... இல்ல, அது வேணாம், அடித்தொண்டை. மெல்லிசா வை.”

பஸ் ஊர் முகப்பில் திரும்பிற்று. பொற்கொடி விரல்கள் பிறழாமல் தட்டினாள். ஞாபகம் என்ற இடத்தில் போட அவளிடம் எதுவும் இல்லை. வெற்றாகவே விட்டாள். நம்பிக்கை என்ற இடத்தில் நூறு என்று தானாக வந்து நின்றது. புது வாக்காளர் எல்லாருக்கும் அப்படித்தான் வரும்.

பஸ் நின்றது. கதவு திறந்தது. கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை. ஆல்வின் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பிறகு ஒரு கால் படியில் இறங்கிற்று. புதுச் செருப்பு. அப்புறம் ஒரு தோல்பை. அப்புறம் தனசேகர்.

ஊரே அவனைப் பார்த்தது. அவன் கூச்சத்தோடு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கறுப்புக்கொடியைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான். எதையாவது பேசவேண்டுமே என்று பேசினான்.

“வர்ற வழியில சொல்லிக்கிட்டாங்க அத்தை. செயிச்சவங்க ஓடைக்குப் பாலம் கட்டித் தர்றாகளாம்ல. நல்லதாப் போச்சு. அடுத்த தடவை வர்றப்ப பஸ்ஸு வீட்டு வாசலுக்கே வந்துரும்.”

எண்ண முடியாத அத்தனை தேர்தலிலும் ஏமாந்த ஓர் ஊருக்கு நடுவில், ஒருமுறைகூட ஏமாறாத ஒரே ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். கிளைச் செயலாளர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

மாரக்காள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆமா தம்பி” என்றாள். “கட்டுவாக. கட்டாம எங்க போறாக.”

ஆல்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுதான் என்று சொன்னால் பின்னால் மறுப்பான். ஆனால் அழுதான்.

மேளம் கொட்டிற்று. தனசேகர் தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடவேண்டிய இடத்தில் நாத்தனார் இல்லை, ஊர்ப் பெண்களில் ஒருத்தி முன்னால் வந்து போட்டாள். சுகந்தி சிரித்தாள். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது: ‘சத்தியம் நிறைவேறியது. அதிகாரி கணக்கு திறக்கப்பட்டது.’

அவ்வளவுதான். கேட்ட ஒரு பொழுது கிடைத்துவிட்டது. இனி மூடலாம். மேசையில் ஆல்வினின் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. கதவை யாரோ தட்டி, “சார், அவங்க எந்திரிச்சிட்டாங்க, கிளம்பறேங்கறாங்க” என்றார்கள்.

ஆல்வின் எழுந்து மறுபடி சுவரோரம் போனான். பொற்கொடி தடுக்கவில்லை. தடுக்க அவளிடம் இனி எந்த வாக்கும் இல்லை.

திரையில் மாரக்காள் அதிகாரியை நோக்கி நடந்து வந்தாள். கையில் தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய். தேங்காய்க்குப் பக்கத்தில் சூடம் எரிந்தது.

“நல்லா இருப்பீக தாயி” என்றாள். “சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீக. நாளைக்கு மறுவீடு இருக்கு. பொண்ணு மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கணும்.”

பொற்கொடி கையை விசைக்குக் கொண்டுபோனாள்.

“நீங்க வேணாம். உங்க சொல்லு எனக்குத் தெரியும்.” மாரக்காள் தட்டைக் கொஞ்சம் உயர்த்தினாள். “உங்க பக்கத்துல இன்னொருத்தரு மூச்சு விடுறது நேத்துலருந்து கேக்குது. ‘அடிக்காத’ன்னு சொன்னாரே, அவரு. அவரை அடிக்கச் சொல்லுங்க.”

பொற்கொடி ஒலிவாங்கியைப் பார்த்தாள். ஓடைக்கரைப்பட்டிக்குள் இறங்கியபோது திறந்தது, இடையில் ஒரே ஒருமுறைதான் மூடியிருந்தாள்.

சுவரோரம் ஆல்வின் சிவப்புக் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். கதவுக்கு வெளியே காலடிகள் தேய்ந்து தூரப்போயின. திரையில் சூடம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. பந்தலில் தனசேகர் யாரிடமோ பாலம் எந்த இடத்தில் வரும் என்று கைநீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆல்வின் கைப்பிடியை விட்டான். மேசைக்கு வந்து, அதிர்ந்துகொண்டிருந்த கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

“எங்க வீட்டுல இதெல்லாம் வழக்கமில்ல” என்றான். “எந்தக் கையால அடிக்கணும்?”

“வலது கை” என்றாள் பொற்கொடி.